பாஹும் தேவாரமும் ஒரே அல்பத்தில்: எங்கள் ஜாஸ் பேண்டுக்கு வழி சொல்லுங்கள்

உவர்மலை_பேஸ்:
வணக்கம். நாங்கள் நாலு பேர். கீபோர்ட், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஆல்டோ சாக்ஸபோன். சீசனில் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் ஜாஸ் வாசிக்கிறோம், அதாவது வெள்ளைக்காரர் இறால் சாப்பிடும்போது பின்னால் கேட்கிற சத்தம் நாங்கள்தான். ஐப்பசி மழை தொடங்கினால் ஹோட்டலும் இல்லை, வருமானமும் இல்லை. இந்த முறை சும்மா இருக்காமல் ஒரு அல்பம் ரெக்கோர்ட் பண்ணுவோம் என்று முடிவெடுத்திருக்கிறோம், பாதி மேற்கத்திய செவ்வியல், பாதி கர்நாடக சங்கீதம், இரண்டையும் எங்கள் கைக்கு வந்த ஜாஸில்.

இப்போது பட்டியலில் இருப்பவை: பாஹ் இரண்டு மூன்று, ரொட்ரிகோவின் அரங்குவேஸ் கிட்டார் கொன்செர்ட்டோவில் அந்த மெதுவான நடுப்பகுதி, ஷோபன் ஒன்று, தோடியில் ஒரு கீர்த்தனை, அப்புறம் எங்கள் திருகோணமலைக் கோணேசர்மேல் சம்பந்தர் பாடிய பதிகம். தவிலுக்குத் தம்பலகாமத்தில் ஒருவரைக் கேட்டிருக்கிறோம், அவரும் இங்கே வாசிக்கிறவர்தான், வந்து திட்டுவார் என்று நினைக்கிறேன்.

இப்படிச் செய்த ஜாஸ்காரர்கள் எங்கே தப்பினார்கள், எங்கே விழுந்தார்கள்? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டும்கெட்டான் என்று ஊரில் பேர் வாங்க விருப்பமில்லை.

பழையதட்டு:
தம்பி, உங்கள் பட்டியலில் ஒரு இசைத்தட்டுக்கான சாமான் இல்லை, நாலு தட்டுக்கு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஜாஸ்காரர் செவ்வியலைத் தொட்டது நேற்று இன்று நடந்ததில்லை. பெனி குட்மன் 1938 இல் புடாபெஸ்ட் குவார்டெட்டோடு மொட்சார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டைப் பதிவுசெய்தார். ஜாஸ் வாடையே இல்லை, எழுதியிருந்ததை ஒழுங்காக வாசித்தார். கீத் ஜாரெட் 1987 இல் பாஹின் வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகத்தைப் பியானோவில் பதிந்தபோதும் அப்படித்தான், மேடையில் ஒரு மணி நேரம் மனம்போன போக்கில் வாசிக்கிற மனிதர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு வாசித்தார். விண்டன் மார்சாலிஸ் 1984 கிராமியில் ஜாஸுக்கும் செவ்வியலுக்கும் ஒரே இரவில் பரிசு வாங்கினார், ஆனால் அவை இரண்டு தனித்தனித் தட்டுகள். இந்த மூன்று பேரும் கலக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய் அந்த வீட்டுச் சாப்பாட்டை அந்த வீட்டு முறைப்படி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

கலந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜாக் லூசியே. பிரெஞ்சுக்காரர், 1959 இல் பியானோ, பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துப் பாஹைப் பதிந்தார். பியர் மிஷலோ பேஸ், கிறிஸ்தியான் காரோஸ் டிரம்ஸ். அது ஏன் நின்றது என்று கேட்டால், பாஹ் காலத்தில் கீழ்க்குரல் வரியை மட்டும் எழுதி அதன் அடியில் இலக்கங்கள் போட்டுக் கொடுப்பார்கள், கீபோர்ட்காரர் அந்த இலக்கத்தைப் பார்த்துக் கோர்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டத்தை) தானே நிரப்ப வேண்டும். நீங்கள் ஹோட்டலில் வாசிக்கிற ஒற்றைத் தாள் கோர்ட் எழுத்து இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். தாளமும் இடையில் இழுபடாமல் ஓடும். பேஸும் டிரம்ஸும் வந்து உட்கார அங்கே இடம் ஏற்கெனவே இருந்தது. ஷோபனில் அந்த இடம் இல்லை, கை இழுத்து விடுகிற நேரத்தில்தான் அதன் உயிரே இருக்கிறது. டிரம்ஸ் அதில் ஒரு குச்சி போட்டால் செத்துவிடும். ஷோபனை வெட்டுங்கள்.

உவர்மலை_பேஸ்:
ஷோபன் எங்கள் கீபோர்ட்காரனின் ஆசை, நான் வெட்டினால் எனக்கு அடி விழும் அண்ணர். அரங்குவேஸ் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

ஸ்கார்பரோவிலிருந்து:
அண்ணர் சொல்ல முதல் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், சங்கீதம் இல்லை, காசு விஷயம். ரொட்ரிகோ இறந்தது 1999 இல். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுக்கு உரிமை இருக்கும். அப்படியென்றால் 2069 முடியும்வரை அரங்குவேஸ் யாரோ ஒருவரின் சொத்து. ஹோட்டலில் வாசித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், இணையத்தில் ஏற்றிக் காசு பார்க்க நினைத்தால் அனுமதி எடுக்க வேண்டும். பாஹ் 1750 இல் போய்விட்டார், சம்பந்தர் அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தி. அந்த இருவரின் பாட்டுக்கும் யாரும் உங்களுக்குப் பில் அனுப்ப முடியாது.

பழையதட்டு:
காசுக் கதை அப்படி. சங்கீதக் கதை இப்படி. அரங்குவேஸை ஜாஸில் செய்தவர் மைல்ஸ் டேவிஸ், 1959 கார்த்திகையிலும் 1960 பங்குனியிலும் நியூயோர்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தை கொலம்பியா கம்பனி ஸ்டூடியோ ஆக்கியிருந்ததே, அங்கே. இசை அமைத்தவர் கில் எவன்ஸ். அந்தத் தட்டைத் திரும்பவும் கேட்கும்போது எவையெல்லாம் இல்லை என்று பாருங்கள். அது கிட்டார் கொன்செர்ட்டோ, ஆனால் அதில் கிட்டார் இல்லை. ஓர்கெஸ்ட்ரா என்றால் முதலில் நினைவுக்கு வருகிற வயலின் கூட்டமும் இல்லை. ஊதுகிற வாத்தியங்கள், ஒரு ஹார்ப், பேஸ், தாள வாத்தியங்கள், அவ்வளவுதான். கிட்டார் நிற்க வேண்டிய இடத்தில் மைல்ஸின் ஃபுளூகல்ஹோர்ன் என்ற ஊதுவாத்தியம் நிற்கிறது. கிட்டாரையும் வைத்துக்கொண்டு மைல்ஸையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அது ஹோட்டல் வாத்தியம் ஆகியிருக்கும் (கோபிக்க வேண்டாம்).

இதே மாதிரி இன்னொன்று, யான் கார்பரெக் என்ற நோர்வே சாக்ஸ்காரரும் ஹில்லியர்ட் என்ற நாலு பேர் பாட்டுக்குழுவும் 1993 இல் ஒஸ்ட்ரியாவில் ஒரு மடத்துக்குள் பதிந்து அடுத்த வருடம் வெளிவந்தது. பழைய கிறிஸ்தவத் துதிகள், நாலு ஆண்குரல், மேலே ஒரு சாக்ஸ். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பியானோ இல்லை. அந்தத் தட்டு விற்றது பத்து இலட்சத்துக்கும் மேல். நாலு பாட்டுக்காரரும் ஒரு இடத்தில்கூட ஜாஸ் பாடவில்லை, எழுதியதைப் பாடினார்கள்.

கோணேசர்_அடியான்:
சம்பந்தர் பதிகத்தை பியர் குடிக்கிற இடத்தில் வாசிக்கிற பேண்ட் தொடுவது சரியா என்று ஒருவருமே கேட்கவில்லையே. எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை வேண்டாமா? கோயில் பாட்டைக் கோயிலில் விடுங்கள்.

தம்பலகாமத்தான்:
ஐயா, கோயிலில் நாதஸ்வரத்தில் தேவாரம் வாசிக்கிறோம், நாளாந்தம். சொல் இல்லை, பண் மட்டும்தான். குழல் வாசித்தால் சரி, சாக்ஸபோன் வாசித்தால் பிழை என்றால் பித்தளைக்குத்தான் தீட்டா? கத்ரி கோபால்நாத் அந்த சாக்ஸபோனின் சாவிகளில் மாற்றம் செய்து கமகம் (சுரத்தை அசைத்து வாசிக்கிறது) பிடித்துச் சபாக்களில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனவர்.

எனக்கு வேறு கவலை. இவர்கள் தவிலை என்ன செய்யப் போகிறார்கள்? போன வருடம் ஒரு கல்யாணத்தில் பேண்டும் மேளமும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். பேண்டின் டிரம்ஸ்காரர் நாலுக்கு நாலு போட்டுக்கொண்டே இருந்தார், நான் மிஸ்ரத்தில், அதாவது ஏழு ஏழாக எண்ணி, ஒரு கோர்வை வைத்தேன், அவர் நான் பிழைவிட்டேன் என்று நினைத்து எனக்கு உதவி செய்கிற மாதிரி இன்னும் பலமாக அடித்தார். சாப்பாடு நல்லது, அதைத் தவிர ஒன்றும் சொல்வதற்கில்லை.

கோணேசர்_அடியான்:
நாதஸ்வரம் வாசிக்கிறவர்கள் பண்ணைப் படித்துவிட்டு வாசிக்கிறார்கள். இவர்கள் படித்திருக்கிறார்களா?

உவர்மலை_பேஸ்:
படிக்கவில்லை ஐயா. அதற்குத்தான் ரீச்சரை இழுத்து வந்திருக்கிறேன். ரீச்சர் இருக்கிறீர்களா?

வீணைரீச்சர்:
இருக்கிறேன். அடியான் ஐயா கேட்டது நியாயம். அந்தப் பதிகத்தின் பண் புறநீர்மை. ஓதுவார்கள் இப்போது அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள். ஸ, சின்ன ரி, சின்ன க, ப, சின்ன த, அஞ்சே சுரம். விடியற்காலை ராகம். முதலில் பாட்டாகப் படியுங்கள், ஒருவர் அல்ல, பேண்ட் முழுவதும். "கோணமாமலை அமர்ந்தாரே" என்று ஒவ்வொரு பாட்டும் வந்து இறங்குகிற இடம் வாயில் வராமல் சாக்ஸில் வராது. உங்கள் கற்பனையை ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மேலேயே ஏறி விளையாட வேண்டாம்.

தோடியை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. கீபோர்டில் அந்தக் காந்தாரத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது, அமத்தினால் அது அமத்தின இடத்தில்தான் நிற்கும். அதற்கு மேல் ஒரு கோர்டையும் வைத்தால் பாடுகிறவர் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். கேட்கிறவருக்குப் பல் கூசும்.

வெள்ளைக்கட்டை_கறுப்புக்கட்டை:
நான்தான் அந்தக் கீபோர்ட்காரன். மூன்று நாளாகப் பேசாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஷோபன் போச்சு, அரங்குவேஸ் போச்சு, தோடியும் போச்சு. தேவாரத்தில் நான் என்ன செய்வது, எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றுவதா?

ரீச்சர், மரியாதையோடு கேட்கிறேன், இளையராஜா 1986 இலேயே கர்நாடக ராகத்தையும் பாஹையும் ஒரே தட்டில் வைத்தாரே, அதில் கோர்ட் இல்லையா? விஜய் ஐயர் என்ற தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, அமெரிக்கப் பியானோக்காரர், 2011 இல் பிரசன்னாவின் கிட்டாரோடும் நிதின் மிட்டாவின் தபலாவோடும் 'தீர்த்த' என்று ஒரு அல்பம் போட்டார், அதில் பியானோ முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறது. அவர்களுக்குப் பல் கூசவில்லையா?

உவர்மலை_பேஸ்:
மச்சான் கோபப்படாதே, உன்னை யாரும் வெளியே போடவில்லை.

வெள்ளைக்கட்டை_கறுப்புக்கட்டை:
நீ பேசாதே, நீ பேஸ். உன்னை யாருமே வெட்ட மாட்டார்கள்.

வீணைரீச்சர்:
தம்பி கேட்டது நல்ல கேள்வி. ராஜா அந்தத் தட்டில் வயலின்களுக்குத் தனித்தனி வரி எழுதினார். ஒவ்வொன்றும் தானே ஒரு பாட்டு, பாஹ் செய்ததும் அதுதான். அவை ஒன்றையொன்று சந்திக்கிற இடத்தில் கோர்ட் என்று ஒன்று கேட்கும், ஆனால் யாரும் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு ராகத்தின் தலையில் இறக்கவில்லை. வயலின் அசையவும் செய்யும். விஜய் ஐயரைக் கேட்டுப் பாருங்கள், கமகம் எல்லாம் பிரசன்னாவின் கிட்டாருக்கு, கம்பியை இழுத்து வாசிக்கிறார். பியானோ அதைப் போலி பண்ணப் போகவில்லை, கணக்கு வாசிக்கிறது, கோர்வை வாசிக்கிறது, கிட்டத்தட்டத் தாள வாத்தியம்.

கோர்ட் ஒத்துக்கொள்கிற இடமும் நம் சங்கீதத்தில் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் ஆங்கிலேய பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்கிறோம், ஏறக்குறைய 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணச் சுரங்களில், கமகம் கிடையாது. இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டுக்குக்கூட அவர் பாட்டு இருக்கிறது. உங்களுக்குக் கீர்த்தனை வேண்டுமென்றால் தோடியை எடுத்துவிட்டு அதிலிருந்து இரண்டு எடுங்கள். கீபோர்ட்டுக்கு முழுச் சுதந்திரம், ஸ்விங் (ஜாஸின் ஆட்ட நடை) பண்ணினாலும் தீட்சிதர் கோபிக்க மாட்டார், அவரே முதலில் செய்தவர்.

வெள்ளைக்கட்டை_கறுப்புக்கட்டை:
அது பிடித்திருக்கிறது. இன்னும் கோபம்தான், ஆனால் பிடித்திருக்கிறது.

பாலையூற்று_ஃபிடில்:
நீங்கள் கிழக்கு மேற்கு என்று இவ்வளவு கதைக்கிறீர்கள், எங்கள் வீட்டு ஃபிடிலைக் கேட்க ஒருவரும் வரவில்லை. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கல்யாணத்தில் காஃப்ரிஞ்ஞா வாசிக்கிறார்களே, வயலினும் ரபான் என்ற மேளமும் வைத்து, ஆறுக்கு எட்டில், தமிழ் கதைக்கிற ஆட்களுக்கு நடுவில் போர்த்துக்கேயப் பாட்டு. தீட்சிதர் என்றதும் ஞாபகம் வந்தது, கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் அவருடைய தம்பி பாலுசாமியும் ஒருவர். வெள்ளைக்காரரின் பெட்டியை வாங்கி சுருதியை மாற்றி வாசித்தார், இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

அது போக, மேற்கத்திய செவ்வியல் இந்த ஊருக்கு வரவில்லை என்று யார் சொன்னது? தினமும் காலையில் சூன் பாண் ஓட்டோவில் பீத்தோவன் வருகிறாரே. எங்கள் தெருவில் அந்த 'ஃபூர் எலீஸ்' பற்றரி இறங்கினபிறகு அரைச்சுரம் கீழே வரும், நான் அதோடு சேர்த்து ஃபிடிலை இறக்கி வாசிப்பேன், பாண் விற்கிற தம்பிக்குச் சிரிப்பு.

கிண்ணியா_சவுண்ட்:
அந்த ஓட்டோதான் உங்கள் ரெக்கோர்டிங்கில் முதல் எதிரி. சிரிக்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். எங்கே பதிகிறீர்கள்?

உவர்மலை_பேஸ்:
டச்சுபே பக்கம் சொந்தக்காரரின் பழைய வீடு நானா. பெரிய ஹோல், சுவர் அகலம், மேலே ஓடு. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம் என்று யோசனை, கிளிக் போட்டு.

கிண்ணியா_சவுண்ட்:
ஓடு நல்லது, தகரம் என்றால் மழைக்காலத்தில் வீட்டுக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் டச்சுபே வாடைக்காற்றில் சும்மா கிடக்கிற கடல் இல்லை, இராப்பகலாக உறுமும். அந்த உறுமல் கீழ்ச் சத்தம், மைக்கில் வந்துவிடும். கீழே வெட்டலாம், ஆனால் பேஸும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எந்தச் சுருதி?

தம்பலகாமத்தான்:
நாதஸ்வரக் குழல்காரரையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் வைத்திருப்பது இரண்டரைக் கட்டைக் குழல். அது மாறாது. மற்றவர்கள்தான் வர வேண்டும்.

உவர்மலை_பேஸ்:
அதில் ஒரு அதிர்ஷ்டம் பாருங்கள். இரண்டரைக் கட்டை என்றால் ஈ-ஃப்ளாட். ஆல்டோ சாக்ஸ் ஈ-ஃப்ளாட் வாத்தியம், எங்கள் ஆள் தாளில் சி என்று வாசித்தால் வெளியே வருவது அதே இரண்டரைக் கட்டை ஸட்ஜமம். ரீச்சர் சொன்ன பூபாளம் அவனுக்கு சி, டி-ஃப்ளாட், ஈ-ஃப்ளாட், ஜி, ஏ-ஃப்ளாட், விரலுக்குப் பழகின இடம். கஷ்டம் எனக்குத்தான். பேஸில் கடைசிக் கம்பி ஈ, ஈ-ஃப்ளாட் அதற்கும் அரைச்சுரம் கீழே, கிடைக்காது. நேற்று இரவு ஈ கம்பியை அரைச்சுரம் இறக்கி, ஏ கம்பியை அரைச்சுரம் ஏற்றிப் பார்த்தேன். இப்போது திறந்த இரண்டு கம்பியும் ஸவும் பவும். இடது கையைத் தொங்கப் போட்டுவிட்டு வலது கையால் மட்டும் மெதுவாக மீட்டினால் தம்புரா மாதிரி நிற்கிறது. பேஸ்காரனாக இதைச் சொல்ல வெட்கம்தான், பாட்டு முழுக்க இரண்டு சுரம் போதும் போலிருக்கிறது.

கிண்ணியா_சவுண்ட்:
அப்படியென்றால் சுகம். அந்தக் கீழ் ஈ-ஃப்ளாட் 39 ஹேர்ட்ஸ் அளவில் வரும், கடல் உறுமுகிற இடம். ஆனால் உங்கள் பேஸ் கரண்ட் பேஸ்தானே, மைக் வைக்காமல் வயரை நேரே பெட்டிக்குள் விடுவோம். அதற்குக் கடல் கேட்காது. மற்ற மைக்குகளில் 80 க்குக் கீழே வெட்டிவிடலாம், சாக்ஸுக்கும் குழலுக்கும் ஒரு நட்டமும் இல்லை, தவிலின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் மெலியும், பார்த்துக்கொள்ளலாம்.

கிளிக் வேண்டாம். தவில்காரரின் காதில் டிக் டிக் என்று போட்டு வாசிக்கச் சொன்னால் முதலில் அவர் என்னை அடிப்பார். தனித்தனியாகப் பதிந்து சேர்த்தால் பாஹுக்குப் பரவாயில்லை, தேவாரத்துக்கு ஆகாது. எல்லாரும் ஒரே ஹோலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தவில் கடைசி மூலையில். தவிலுக்கு நான் மைக்கே வைக்க மாட்டேன், மற்ற எல்லா மைக்கிலும் அது தானாக வந்து நிறைந்துவிடும்.

தம்பலகாமத்தான்:
நானாவுக்கு விஷயம் தெரியும்.

பழையதட்டு:
தவிலை வைத்துக்கொண்டு டிரம்ஸையும் வைக்கப் போகிறீர்களா? சக்தி குழுவை நினையுங்கள். ஜோன் மெக்லாக்லின் அதற்கு முன் கரண்ட் கிட்டாரும் டிரம்ஸுமாக உலகத்தை அதிர வைத்துக்கொண்டிருந்தவர். 1975 இல் சக்தியின் முதல் தட்டை மேடையிலேயே பதிந்தபோது டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, கீபோர்ட் இல்லை. மிருதங்கம் ஆர். ராகவன், கடம் விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர். மெக்லாக்லின் கிட்டாரில் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கி வாங்கினார், கம்பியை அமத்தி இழுத்தால் கமகம் வர. தன் வாத்தியத்தை அவர்களுக்காக மாற்றினார், அவர்களை மாறச் சொல்லவில்லை. எல். சங்கர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தகப்பனார் லட்சுமிநாராயணா அங்கே சங்கீதம் படிப்பித்தவர், 1958 கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் சென்னைக்குப் போனது. ஜாஸ்காரரோடு உட்கார்ந்த கர்நாடக வயலினில் நம் காற்றும் கொஞ்சம் இருந்தது.

சார்லி மரியானோ என்று இன்னொரு ஆல்டோக்காரர், அமெரிக்கர். அவர் நாதஸ்வரமே பழகினார். 1983 இல் கர்நாடகா தாள வாத்தியக் கல்லூரிக் குழுவோடு ஒரு தட்டு, பெயர் 'ஜோதி', பாட்டு ராமமணி. உங்கள் சாக்ஸ் தம்பி அதைக் கேட்டே ஆகவேண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து:
கடுமையாகப் போகிறீர்கள் அண்ணர். டிரம்ஸும் பேஸும் வைத்தும் சரிவந்திருக்கிறது. ருத்ரேஷ் மகந்தப்பா 2008 இல் கத்ரி கோபால்நாத்தோடு செய்தார், இரண்டு ஆல்டோ, கன்யாகுமரி வயலின், மிருதங்கம், கூடவே கிட்டார், பேஸ், டிரம்ஸ். நெரிசல்தான், ஆனால் நல்ல நெரிசல். வெட்டுவது மட்டுமே வழி என்று சட்டம் இல்லை.

பழையதட்டு:
அந்த ஆட்கள் ஏழு பேரும் யாரென்று பாருங்கள், பிறகு உவர்மலைத் தம்பியின் ஆட்களைப் பாருங்கள். தம்பி மன்னிக்கவும்.

உவர்மலை_பேஸ்:
மன்னிச்சாச்சு. அதில் பொய் இல்லையே.

வீணைரீச்சர்:
தவில்காரரை ஸ்விங் வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பழையதட்டு:
ரீச்சர் சொன்னதுக்குச் சாட்சி இருக்கிறது. குளோட் போலிங் என்ற ஜாஸ் பியானோக்காரர் ஜோன்-பியர் ரம்பாலின் புல்லாங்குழலுக்கென்று எழுதிய ஒரு இசைத்தொகுதி 1975 இல் தட்டாக வந்தது. ரம்பாலுக்குக் கொடுத்த வரியில் ஒவ்வொரு சுரமும் எழுதியிருந்தது, கற்பனை பண்ணு, ஸ்விங் பண்ணு என்று யாரும் அவரைப் பாடாய்ப் படுத்தவில்லை. அவர் அவராக வாசித்தார், போலிங்கின் ட்ரியோ பக்கத்தில் தங்கள் வேலையைப் பார்த்தது. அமெரிக்காவில் செவ்வியல் தட்டு விற்பனைப் பட்டியலில் அது பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

உவர்மலை_பேஸ்:
சரி. நேற்று இரவு நாலு பேரும் இருந்து கதைத்தோம், சத்தம் போட்டோம், பிறகு ஒரு வழிக்கு வந்தோம். ஷோபன், அரங்குவேஸ், தோடி மூன்றும் இல்லை. பாஹ் மூன்று, கீபோர்ட், பேஸ், டிரம்ஸ் மட்டும், சாக்ஸ் வெளியே போய்த் தேத்தண்ணி குடிக்கட்டும். நோட்டுஸ்வரம் இரண்டு, நாலு பேரும். பாலையூற்று அக்கா வந்தால் அதில் ஃபிடில் ஒன்று, அப்படியே ஒரு காஃப்ரிஞ்ஞாவும், அக்கா வருவீர்களா? பதிகத்துக்கு சாக்ஸ், குழல், தவில், பேஸின் இரண்டு கம்பி. டிரம்ஸ்காரன் இந்த இழையை வாசிக்கிறதில்லை, நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அடியான் ஐயா, ரீச்சரிடம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிப் பாடப் போகிறோம். விருப்பமென்றால் வந்து இருந்து கேளுங்கள், பிழை என்றால் அங்கேயே சொல்லுங்கள்.

பாலையூற்று_ஃபிடில்:
வருவேன். எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வேன்.

கோணேசர்_அடியான்:
எத்தனை மணிக்கு?

வீணைரீச்சர்:
காலை ஆறு மணி. பூபாளத்தைப் பத்து மணிக்குப் பாட நான் ஆள் இல்லை.

வெள்ளைக்கட்டை_கறுப்புக்கட்டை:
பதிகத்தில் நான் இல்லை என்றாலும் பாடுவதற்கு நானும் வருகிறேன். ஆறு மணிக்கு வரச் சொல்லி டிரம்ஸ்காரனிடம் சொல்லுகிறவர் யார் என்று மட்டும் முடிவெடுங்கள், நான் இல்லை.

தம்பலகாமத்தான்:
ரெக்கோர்டிங் திகதியை மார்கழிக்குள் வையுங்கள். அந்த மாதம் கல்யாணம் இல்லை, எங்களுக்குப் பகல் வேலை குறைவு, காலைத் திருவெம்பாவை முடிந்தால் ஃப்ரீ. தை பிறந்தால் பங்குனித் திருவிழா முடியும்வரை என்னைப் பிடிக்க முடியாது.

கிண்ணியா_சவுண்ட்:
மார்கழி என்றால் முழு மழை. பகலில் தெருச் சத்தமும் இருக்கும். இரவு பத்துக்குப் பிறகு தொடங்குவோம், மழை விட்டுவிட்டுப் பெய்யும், விடுகிற நேரத்தில் பதிவோம், பெய்கிற நேரத்தில் சாப்பிடுவோம். கரண்ட் போனால் எடுத்தது போகாமல் இருக்க நான் பற்றரிப் பெட்டி ஒன்று கொண்டுவருவேன், ஜெனரேட்டர் வேண்டாம், அந்தச் சத்தத்தை எந்த வெட்டும் வெட்டாது. ஹோலின் அளவை அடியில் எழுதி அனுப்புங்கள், ஜன்னல் எத்தனை என்றும் சேர்த்து.

உவர்மலை_பேஸ்:
முப்பதுக்குப் பதினெட்டு. ஜன்னல் ஆறு, இரண்டு மூடாது.

கிண்ணியா_சவுண்ட்:
மெத்தை இருந்தால் இரண்டு கொண்டு வாருங்கள். பழையது என்றாலும் பரவாயில்லை.